பாட்டு வந்தால் போதுமா?

மாணவர்களே, உங்கள் அண்ணனோ மாமாவோ பழைய புரோட்டோன் சாகா ஒன்றை வாங்கியிருக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். 1985ஆம் ஆண்டு ஜூலையில் அறிமுகமான நம் நாட்டின் முதல் தேசியக் கார் அது. அதிலுள்ள கேசட் ரேடியோ இன்னும் பாடுகிறது. தோட்டத்தில் இருந்தபோது தாத்தா சேர்த்து வைத்த பக்திப் பாடல் கேசட்டுகள் வீட்டில் ஒரு பெட்டி நிறைய இருக்கின்றன. எனவே, பழைய ரேடியோவைக் கழற்ற யாருக்கும் மனம் வரவில்லை. ஆனால் கைத்தொலைபேசியில் இருக்கும் பாடல்களையும் காரில் கேட்க வேண்டுமே! அதற்காகப் புதிய ரேடியோ ஒன்றும் வாங்கியாகிவிட்டது. கதவுகளிலும் பின்பக்கமும் இருப்பவை நான்கே ஸ்பீக்கர்கள். "இரண்டு ரேடியோவின் கம்பிகளையும் சேர்த்து முறுக்கி அதே ஸ்பீக்கரில் கொடுத்துவிட்டால் என்ன? ஒரு நேரத்தில் ஒன்றைத்தானே போடப் போகிறோம்?" என்ற யோசனை இங்கேதான் பிறக்கிறது.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அப்படி முறுக்கக் கூடாது. அதே சமயம், "தொடாதே, கெட்டுப் போகும்" என்று அதட்டி அந்தக் கேள்வியை மூடிவிடுவதும் கூடாது. ஏன் கூடாது என்பதற்கான காரணமும், சரியாகச் செய்வதற்கான வழியும் ஐந்தாம் படிவ இயற்பியல் பாடத்திலேயே இருக்கின்றன. பாடத்தையும் கம்பியையும் வேறுவேறாகப் பார்க்கப் பழகியதுதான் நம் குறை.

இரண்டு மின்கலம் சொல்லும் பாடம்

மின்னியல் பாடத்தில் மின் இயக்கு விசை, உள் தடை என்ற பகுதி வரும். அதிலிருந்து ஒரு சிறு கணக்கைப் பார்ப்போம். புதிய மின்கலம் ஒன்று 1.5 வோல்ட், தேய்ந்த மின்கலம் ஒன்று 1.1 வோல்ட். இரண்டின் உள் தடையும் 0.5 ஓம் என்று கொள்வோம். நேர்முனையோடு நேர்முனையையும் எதிர்முனையோடு எதிர்முனையையும் சேர்க்கிறோம். வேறு எதையும் இணைக்கவில்லை. மின்னோட்டம் ஓடுமா?

ஓடும். இரண்டுக்கும் இடையில் 0.4 வோல்ட் வேறுபாடு. மொத்தத் தடை 1 ஓம். ஆகவே 0.4 ஆம்பியர் மின்னோட்டம் புதிய கலத்திலிருந்து பழைய கலத்துக்குள் பாயும். எந்தப் பல்பும் எரியவில்லை, எந்த மோட்டாரும் சுழலவில்லை. ஆனாலும் ஒரு கலம் வீணாகக் கரைகிறது, இரண்டும் சூடாகின்றன.

ரேடியோவின் பின்பகுதியில் பெருக்கி ஒன்று இருக்கிறது. ஆம்ப்ளிஃபையர் என்று பட்டறையில் சொல்வது இதைத்தான். சின்னஞ்சிறு ஒலிச் சமிக்ஞையை ஸ்பீக்கரை அசைக்கும் அளவுக்கு வலுப்படுத்துவது இதன் வேலை. ஸ்பீக்கர் இழுத்த இழுப்புக்கு வளைந்து கொடுக்காமல் மின்னழுத்தத்தைத் தர வேண்டும் என்பதால், நல்ல பெருக்கியின் உள் தடையை வேண்டுமென்றே மிகக் குறைவாக வைத்திருப்பார்கள். ஒரு பேச்சுக்கு 0.1 ஓம் என்று வைத்துக்கொள்வோம்.

இப்போது இரண்டு ரேடியோவும் தவறுதலாக ஒரே நேரத்தில் ஓடுகின்றன. ஒன்றில் மின்னல் எஃப்எம் செய்தி, மற்றொன்றில் தாத்தாவின் கேசட். ஒரு கணத்தில் முதலாவது 5 வோல்ட் தருகிறது. அதே கணத்தில் இரண்டாவது சுழியத்தில் நிற்கிறது. 4 ஓம் ஸ்பீக்கர் வழியாகப் போக வேண்டிய மின்னோட்டம் 1.25 ஆம்பியர்தான். ஆனால் மற்றொரு ரேடியோவுக்குள் புகும் பாதையின் தடை மொத்தம் 0.2 ஓம். 5ஐ 0.2ஆல் வகுத்துப் பாருங்கள்: 25 ஆம்பியர்! ஸ்பீக்கருக்குப் போவதைப் போல் 20 மடங்கு. உண்மையில் அந்தச் சிறிய ஐசியால் இவ்வளவு தர முடியாது. தர முயன்று சூடாகும். அல்லது அதன் பாதுகாப்புச் சுற்று தலையிட்டு ஒலியை நிறுத்தும்.

அணைத்துவிட்டால் விலகிவிடுமா?

"அதுதான் ஒரு நேரத்தில் ஒன்றைத்தானே போடுகிறோம்" என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால், அணைத்த ரேடியோ ஸ்பீக்கர் கம்பியிலிருந்து விலகிப் போவதில்லை. அதன் ஐசி தூங்குகிறது. கால்கள் மட்டும் அதே கம்பியில் ஒட்டிக்கொண்டுதான் இருக்கின்றன. நடுவில் சுவிட்ச் எதுவும் கிடையாது. வெளியே அனுப்புவதற்காக அமைத்த வாசல் வழியாக வேறொரு ரேடியோவின் மின்சாரம் உள்ளே வருவதை அதன் டிரான்சிஸ்டர்களும் டயோடுகளும் தாங்க வேண்டியிருக்கும். அந்த வேலைக்காக யாரும் அவற்றை வடிவமைக்கவில்லை.

பழைய ரேடியோவையும் புதிய ரேடியோவையும் சேர்க்கும்போது இதைவிடப் பெரிய ஆபத்து ஒன்று உண்டு. பழைய கார் ரேடியோக்கள் பலவற்றில் ஸ்பீக்கரின் எதிர்க்கம்பி நேராக ரேடியோவின் உலோகக் கூட்டோடு, அதாவது காரின் உடம்போடு இணைந்திருக்கும். அது சுழிய வோல்ட். இன்றைய ரேடியோக்கள் அப்படியில்லை. ஒவ்வொரு ஸ்பீக்கருக்கும் இரண்டு பெருக்கிகள். ஸ்பீக்கரின் இரு முனைகளிலும் ஆளுக்கொன்று. மரம் அறுக்கும் நீண்ட வாளை இருவர் பிடித்திருப்பதைப் போல, ஒன்று தள்ளும்போது மற்றது இழுக்கும். இதைப் பாலச் சுற்று என்பார்கள்.

ஏன் இந்தச் சிரமம்? இன்ஜின் ஓடும்போது காரில் கிடைப்பது சுமார் 14.4 வோல்ட். ஒற்றைப் பெருக்கியால் அதில் பாதியளவு, 7.2 வோல்ட் வரைதான் ஸ்பீக்கரை இருபுறமும் அசைக்க முடியும். 4 ஓம் ஸ்பீக்கரில் அது ஏறத்தாழ 6.5 வாட். பாலச் சுற்றில் முழு 14.4 வோல்ட்டும் ஸ்பீக்கருக்குக் கிடைக்கிறது. திறன் ஏறத்தாழ 26 வாட் ஆகிறது. மின்னழுத்தம் இரண்டு மடங்கானால் திறன் நான்கு மடங்காகும் என்ற அதே விதிதான்.

இதற்கு ஒரு விலை உண்டு. பாலச் சுற்றில், பாட்டு ஒலிக்காத அமைதியான நேரத்திலும் ஸ்பீக்கரின் இரு கம்பிகளும் சுழியத்தில் இருப்பதில்லை. இரண்டுமே மின்வழங்கலின் பாதியில், சுமார் 7 வோல்ட்டில் நிற்கின்றன. இப்போது சேர்த்துப் பாருங்கள். புதிய ரேடியோவின் எதிர்க்கம்பி 7 வோல்ட்டில். பழைய ரேடியோவின் எதிர்க்கம்பி கார் உடம்பில். இரண்டையும் முறுக்கினால், 7 வோல்ட்டை நேராகத் தரையில் சாய்த்துவிட்டோம். பழைய ரேடியோ அணைந்திருந்தாலும், அதன் ஃபியூஸைக் கழற்றி எறிந்தாலும் இந்தக் குறுக்குச் சுற்று அப்படியேதான் இருக்கும். நேர்க்கம்பிக்கு மட்டும் சுவிட்ச் போட்டு, எதிர்க்கம்பிகளைப் "பொதுவாக" விடுவதும் தவறு என்பது இதனால்தான். பழைய காலத்து ரேடியோவில் பிழைத்துக்கொண்ட அந்தப் பழக்கம், இன்றைய ரேடியோவைக் கொன்றுவிடும்.

"செய்து பார்த்தேன், ஓடுதே!"

இப்படிச் சொல்லும் நண்பர் ஒருவர் எங்கும் இருப்பார். அவர் பொய் சொல்லவில்லை. ஒலியளவைக் குறைத்து வைத்திருந்தால் பல நாள் ஓடலாம். இத்தகைய ஐசிக்களில் குறுக்குச் சுற்றுக்கும் அதிக வெப்பத்துக்கும் பாதுகாப்பு உண்டு. ஆனால் அது விபத்தில் காப்பாற்றும் தலைக்கவசத்தைப் போன்றது. தலைக்கவசம் இருக்கிறதே என்று தினமும் சுவரில் முட்டிக்கொள்ள மாட்டோம் அல்லவா?

ஐசி ஒருநாள் பழுதாகி, ஸ்பீக்கரின் ஒரு முனை முழு மின்னழுத்தத்தில் ஒட்டிக்கொண்டால், ஸ்பீக்கரின் குறுக்கே சுமார் 7 வோல்ட் நேர் மின்னோட்டம் நிற்கும். 7ஐ 7ஆல் பெருக்கி 4ஆல் வகுத்தால் 12 வாட்டுக்கு மேல். பாட்டுக்கு இடையில் கிடைக்கும் ஓய்வு அதற்கு இல்லை. கூம்பு ஒரு பக்கமாகத் தள்ளப்பட்டு, அசையாமல் நின்றபடி உள்ளே இருக்கும் மெல்லிய சுருள் வேகும். ரேடியோவோடு ஸ்பீக்கரும் போய்விடும்.

உங்கள் தாத்தா பாட்டியிடம் கேட்டுப் பாருங்கள். ரப்பர் மரத்தில் உளியை அளவுக்கு மீறி ஆழமாகப் பாய்ச்சினாலும் பால் வரத்தான் செய்யும். கிண்ணமும் நிறையும். ஆனால் பட்டைக்குக் கீழே இருக்கும் வளர்திசு காயப்பட்டுவிடும். புதுப்பட்டை சீராக வளராமல் முண்டும் முடிச்சுமாகக் கிளம்பும். பிறகு அந்த இடத்தில் ஒழுங்காக வெட்டவே முடியாது. பால் வந்தது என்பதற்காக வெட்டு சரியென்று எந்தக் கங்காணியும் ஒப்புக்கொண்டிருக்க மாட்டார். பாட்டு வந்தது என்பதும் அப்படித்தான். அது ஒரு கவனிப்பு, நிரூபணம் அல்ல. எவ்வளவு சூடு, எவ்வளவு மின்னோட்டம், எத்தனை நாள் என்று அளந்த பிறகுதான் அது அறிவியல் ஆகும்.

மின்நிலையங்கள் மட்டும் சேரலாமா?

கூர்மையான மாணவர் இங்கே என்னை மடக்கலாம். "1930ஆம் ஆண்டு முதல் பேராக் ஆற்றில் நிற்கிறது சென்டெரோ அணை. அதே ஆற்றின் மேல்பகுதியில் தெமெங்கோர் அணை. கடலோரம் மஞ்சோங்கில் நிலக்கரி மின்நிலையம். இவையெல்லாம் ஒரே கட்டமைப்பில் சேர்ந்துதானே ஈப்போவுக்கு மின்சாரம் தருகின்றன? இரண்டு ரேடியோ சேரக் கூடாது, மூன்று மின்நிலையம் சேரலாமா?"

அருமையான கேள்வி. மின்நிலையங்கள் சேரலாம், ஆனால் சுருதி சேர்ந்த பிறகுதான். புதிதாக ஒரு மின்னாக்கியைக் கட்டமைப்பில் இணைக்கும் முன், அதன் மின்னழுத்தம், 50 ஹெர்ட்ஸ் அதிர்வெண், அலை ஏறி இறங்கும் நேரம் மூன்றும் கட்டமைப்போடு ஒத்துப் போகின்றனவா என்று பார்ப்பார்கள். ஒத்துப் போகும் அந்தக் கணத்தில்தான் இணைப்பை மூடுவார்கள். பொருந்தாத நேரத்தில் மூடினால், நம் இரண்டு மின்கலங்களுக்கு நடந்ததே ராட்சத அளவில் நடக்கும். சுழலியின் தண்டே சேதமடையலாம்.

இரண்டு ரேடியோவில் இரண்டு பாட்டு. ஒவ்வொரு கணமும் அலை வேறு. ஒத்துப் போகும் நேரமே கிடையாது. வீட்டில் ஜெனரேட்டர் வைத்திருப்பவர்களும் அதைத் தெனாகா நேஷனல் மின்சாரத்தோடு சேர்ப்பதில்லை. இது அல்லது அது என்று மாற்றும் சுவிட்சைத்தான் வைக்கிறார்கள். நமக்கு வேண்டியதும் அதன் சிறிய வடிவம்தான்.

சரியான வழிகள்

முதல் வழி, ரிலே. மின்காந்தத்தால் இயங்கும் சுவிட்ச் அது. நான்கு ஸ்பீக்கருக்கு எட்டுக் கம்பிகள். இரண்டு கம்பிகளை ஒரே நேரத்தில் மாற்றும் ரிலேக்கள் நான்கு இருந்தால் எட்டும் மாறிவிடும். ரிலே ஓய்வில் இருக்கும்போது ஸ்பீக்கர்கள் பழைய ரேடியோவோடு இருக்கும். புதிய ரேடியோவை முடுக்கியதும் அதன் நீல வெள்ளைக் கம்பியில் 12 வோல்ட் வரும், ரிலேக்கள் இழுத்துக்கொள்ளும், ஸ்பீக்கர்கள் புதிய ரேடியோவுக்கு மாறும். ரிலேயின் நாக்கு ஒரு பக்கத்தை விட்ட பிறகே மறுபக்கத்தைத் தொடுவதால், இரண்டும் சந்திக்கும் கணமே இல்லை. ஓட்டுநர் மறந்தாலும் ரிலே மறக்காது.

ஒரு நுட்பம் மட்டும் கவனியுங்கள். ரிலே சுருளின் தடை 160 ஓம் என்றால் ஒன்றுக்கு 75 மில்லி ஆம்பியர், நான்குக்கு 300. அந்த மெல்லிய நீல வெள்ளைக் கம்பியின் மீது இவ்வளவு சுமையை ஏற்றுவது சரியல்ல. ரேடியோவின் கையேட்டில் அந்தக் கம்பியின் தாங்குதிறனைப் பார்த்து, ஒரு டிரான்சிஸ்டரையோ சின்ன ரிலேயையோ இடையில் வைத்து, மற்றவற்றை ஃபியூஸ் உள்ள தனிக் கம்பியிலிருந்து இயக்க வேண்டும். சுருளின் குறுக்கே ஒரு டயோடும் வேண்டும். மின்னோட்டம் அறுபடும்போது சுருள் எதிர்த்து எழுப்பும் உயர் மின்னழுத்தத்தை அது அடக்கும். டிரான்சிஸ்டர் சுவிட்சாக இயங்குவது, டயோடு, மின்காந்தம் எல்லாமே ஐந்தாம் படிவப் பாடங்கள்தாம்.

இரண்டாவது வழி இன்னும் எளிது. சண்டை பெருக்கிகளுக்கு இடையில்தான். ஆகவே ஒரே பெருக்கியை வைத்துக்கொண்டு, பாட்டின் மூலத்தை மட்டும் மாற்றுவது. புதிய ரேடியோவில் வெளிச் சமிக்ஞையை ஏற்கும் துளை இருந்தால், கேசட் ரேடியோவின் ஒலியைத் தாழ்நிலைச் சமிக்ஞையாக மாற்றும் சிறு பெட்டி வழியாக அதில் கொடுத்துவிடலாம்.

மூன்றாவது, கம்பியே வேண்டாத வழி. கேசட்டுகளை ஒருமுறை பொறுமையாக ஓட்டி, கைத்தொலைபேசியில் பதிவு செய்துகொள்வது. காந்த நாடா என்றும் இருக்காது. ஆண்டுகள் செல்லச் செல்ல ஒலி மங்கும், நாடா ஒட்டிக்கொள்ளும். தாத்தாவின் பாடல்களைக் காப்பாற்றுவதுதான் உங்கள் நோக்கம் என்றால், நான் முதலில் பரிந்துரைப்பது இதைத்தான். "எப்படி இணைப்பது?" என்று கேட்கும் முன் "எதற்காக இணைக்கிறேன்?" என்று கேட்பதும் பொறியாளர் வேலையில் ஒரு பாதி.

பள்ளிக்கும் வீட்டுக்கும் ஒரு வார்த்தை

நம் குடும்பங்களில் இரண்டு விதமான எண்ணங்களைப் பார்க்கிறேன். "படிக்கிற பிள்ளைக்குக் கம்பி வேலை எதற்கு?" என்பது ஒன்று. "பட்டறை வேலைக்குப் படிப்பு எதற்கு?" என்பது மற்றொன்று. இரண்டுமே பிள்ளைகளை நட்டத்தில் விடுகின்றன. முதல் வகைப் பிள்ளை எஸ்பிஎம் தேர்வில் உள் தடைக் கணக்கைச் சரியாகப் போட்டுவிட்டு, காரில் கம்பியை முறுக்கிவிடும். இரண்டாவது வகைப் பிள்ளைக்கு விரல்களில் திறமை இருக்கும். ஆனால் ஐசி ஏன் எரிந்தது என்று தெரியாததால் அடுத்ததையும் எரிக்கும். தொழிற்கல்லூரிக்குப் போகும் மாணவரை இரண்டாந்தரமாகப் பார்க்கும் பழக்கமும் இந்த எண்ணங்களிலிருந்து வந்ததுதான்.

கம்பிக்கும் நமக்கும் உள்ள உறவு பழையது. 1877ஆம் ஆண்டு நடப்பட்ட ரப்பர் மரங்களில் ஒன்று இன்றும் கோலகங்சாரில் நிற்கிறது. பேராக்கின் தோட்டங்களில் நம் முன்னோர் இறக்கிய பால் பெரும்பாலும் டயர்களாக ஆனது என்றாலும், பிளாஸ்டிக் உறைகள் வருவதற்கு முன் மின்கம்பிகளுக்கு மேலுறையாக இருந்ததும் ரப்பர்தான். தோட்டங்கள் பல இன்று செம்பனையாகவும் வீடமைப்புப் பகுதிகளாகவும் மாறிவிட்டன. அங்கிருந்து ஈப்போவுக்கும் சுங்கை சிப்புட்டுக்கும் வந்த குடும்பங்களின் பிள்ளைகள் அந்த உறைக்குள் ஓடும் மின்சாரத்தையும் புரிந்துகொள்ள வேண்டாமா?

ஆகவே அறிவியல் மன்றங்களுக்கு ஒரு யோசனை. பழுதான கார் ரேடியோக்கள் பட்டறைகளில் கிடக்கும். ஓடக்கூடிய பழையது ஒன்று, புதியது ஒன்று கேட்டு வாங்குங்கள். ஒரு 12 வோல்ட் மின்கலம், அதன் நேர்முனையை ஒட்டி ஒரு ஃபியூஸ், ஒரு மல்டிமீட்டர், ஆசிரியரின் மேற்பார்வை. இவை போதும். ரேடியோக்களை ஒன்றோடொன்று சேர்க்காமல், தனித்தனியாக மூன்று அளவுகளை எடுங்கள். எதை அளக்கும் முன்னும் விடையை ஊகித்து எழுதி வையுங்கள்.

முதலாவது, கழற்றி வைத்த 4 ஓம் ஸ்பீக்கரின் தடை. மீட்டர் 4ஐ விடச் சற்றுக் குறைவாகக் காட்டும். ஏனென்றால் மீட்டர் அளப்பது நேர் மின்னோட்டத்துக்கான தடையை. பெட்டியில் எழுதியிருப்பது மாறும் மின்னோட்டத்துக்கானது. இரண்டாவது, புதிய ரேடியோ ஓடும்போது ஸ்பீக்கர் கம்பிகள் ஒவ்வொன்றுக்கும் உலோகக் கூட்டுக்கும் இடையிலான மின்னழுத்தம். இரண்டிலும் 6 வோல்ட்டை ஒட்டி வந்தால், அது பாலச் சுற்று. மூன்றாவது, அணைத்து வைத்த பழைய ரேடியோவின் எதிர்க்கம்பிக்கும் கூட்டுக்கும் இடையிலான தடை. அது சுழியத்தை நெருங்கினால், இரண்டையும் ஏன் முறுக்கக் கூடாது என்பதை இனி யாரும் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

ஓர் எச்சரிக்கை. காரின் 12 வோல்ட் உங்களை அதிரச் செய்யாது. ஆனால் குறுக்குச் சுற்றில் கம்பியைப் பழுக்கக் காய்ச்சித் தீயை மூட்டிவிடும். காரில் கை வைக்கும் முன் மின்கலத்தின் எதிர்முனையைக் கழற்றுங்கள். பெரியவர் ஒருவர் உடனிருக்கட்டும். வீட்டு மின்சாரத்தில் இந்த விளையாட்டே வேண்டாம்; அது சான்று பெற்ற மின்பணியாளரின் வேலை.

பெற்றோரிடமும் ஆசிரியரிடமும் நான் கேட்பது இதுதான். அடுத்த முறை பிள்ளை கம்பியைக் கையில் எடுக்கும்போது, பிடுங்கி வைக்காமல் ஒரு மல்டிமீட்டரைக் கொடுங்கள். மாணவர்களே, உங்களிடம் கேட்பதும் சிறியதுதான். எந்த இரண்டு கம்பிகளையும் சேர்க்கும் முன் இரண்டின் மின்னழுத்தத்தையும் அளந்து, ஒரு தாளில் எழுதிவிட்டுச் சேருங்கள்.